நேராகக் கேட்கச் சொன்னவர்

எங்கள் திருமயம் தாலுகா அலுவலகத்தில் ஒரு கேள்வியை மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்போம். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் மின்விசிறிச் சத்தத்தை மீறி உரக்க வரும். அடுத்த கேள்விக்கு வந்ததும் தலை குனிந்துவிடும். "என்ன... கம்யூனிட்டி?" எதிரில் நிற்பவர் பின்னால் இருக்கும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பிறகு மேசைமேல் சாய்ந்து காதோடு காதாகச் சொல்வார். வந்திருப்பதே சாதிச் சான்றிதழுக்காக. இருந்தாலும் அப்படித்தான்.

அவரை முதலில் பார்த்தது அந்த வரிசையில். மஞ்சள் சுடிதார், தோளில் பெரிய பை, வெயிலில் சிவந்துபோன வெளுத்த முகம். விண்ணப்பம் ஏன் நிற்கிறது என்று கேட்க வந்திருந்தார். பக்கத்து மேசை நண்பர் வழக்கம்போல் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தவில்லை.

"எஸ்ஸிங்க சார்."

வரிசையே நிமிர்ந்தது. நண்பருக்குச் சங்கடம். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, "பாத்தா அப்படித் தெரியலையேம்மா" என்றார்.

"எப்படிங்க சார் தெரியணும்?"

"இல்ல, நல்லா பளிச்சுன்னு இருக்கீங்க, அதான்..."

"நாங்க பளிச்சுன்னு இருக்க மாட்டமா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். பஸ் போய்விட்டதா என்று கேட்பதைப் போலக் கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார். நண்பர் விண்ணப்பத்தை வேகமாகத் தேட ஆரம்பித்தார். இந்தப் பெண் எங்காவது அடி வாங்கப்போகிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பஸ்ஸில் ஏறினால் பிரேக்கைப் பற்றி யோசிப்பேன். மகள் பள்ளியிலிருந்து வரச் சற்றுத் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்பேன்.

அப்படிப்பட்டவளின் மகள் இன்று நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அதில் இந்தப் பெண்ணுக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த நாட்களுக்குள் நேராகப் போக எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். சுற்றி வருவது அவருக்குப் பிடிக்காது.

அரிமளம் கடைத்தெருவில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் அவர் பியூட்டி பார்லர் வைத்தார். நாங்கள் இருப்பதும் அரிமளம். புருவம் திருத்தப் போன இடத்தில், தாலுகா ஆபீஸ் அக்கா என்று அடையாளம் கண்டுகொண்டார். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். பேச்சு நிற்காது, கையும் பிசகாது.

வீடு தேடிய கதையை அங்கேதான் கேட்டேன். அவர் ஊர் திருமயத்துக்கு அந்தப் பக்கம். தினமும் பஸ் மாறி வரவேண்டியிருந்தது. அரிமளத்திலேயே ஒரு வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர், "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்டாராம்.

"அவரு கொல்லையில நாலஞ்சு கோழி மேயுதுக்கா. தின்னு போட்ட எலும்ப நாயி இழுத்துக்கிட்டுத் திரியிது. எங்கிட்ட வெஜ்ஜான்னு கேக்குறாரு. நான் சொன்னேன், அண்ணே, நீங்க கேக்க வந்தது எனக்குப் புரியிது, நான் எஸ்ஸிதான், வீடு உண்டா இல்லையான்னு சட்டுன்னு சொல்லுங்க, வெயில் ஏறுது அப்படின்னு."

"அப்பறம்?"

"வீட்ல வெள்ளையடிக்கணுமாம். அடிச்சிட்டுச் சொல்றாராம்." நூலை இழுத்தார். "இன்னமும் அடிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு."

பார்லரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள். அவருக்கும் அது தெரியும்.

ஏழ்மையைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார், ஏதோ பக்கத்து ஊரைப் பற்றிச் சொல்வதைப் போல. "சத்துணவுல முட்டை போடுற அன்னைக்குக் காய்ச்சல் அடிச்சாலும் பள்ளிக்கூடம் போயிருவேன். மத்த நாள்தான் காய்ச்சலுக்கு லீவு." தலைக்கு மருதாணி பூசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "இதெல்லாம் எதுக்கும்மா வெளிய சொல்லிக்கிட்டு?" என்றார், அக்கறையாகத்தான்.

"பசிச்சதத்தானக்கா சொல்றேன். திருடுனதையா சொன்னேன்?"

ஒருநாள் சாமான் வாங்கத் திருமயம் வந்தவர், திரும்பும்போது நான் வந்த டவுன் பஸ்ஸிலேயே ஏறினார். நல்ல கூட்டம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் தாராளமாக உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் ஓசி டிக்கெட்டு. காசு குடுத்தவனுக்குக் கால் வைக்க எடமில்ல" என்று பொதுவாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சன்னலுக்கு வெளியே பார்த்தோம். இவர் மட்டும் அந்த ஆளைப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்க வயலுக்குப் போர் மோட்டாரு இருக்குல்ல?"

"இருக்கு, அதுக்கென்ன?"

"கரண்டு பில்லு வருதாண்ணே?"

"அது வெவசாயத்துக்கும்மா."

"வருதா, வரலையா?"

"வராது."

"அப்ப அதும் ஓசிதானண்ணே?"

"ஏய், அது உரிமை!"

"சரிங்கண்ணே. இதுவும் அப்படி ஒண்ணுதான். கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க."

பஸ் மொத்தமும் சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் என்ன செய்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீசையைத் தடவினார், முணுமுணுத்தார், தள்ளி உட்கார்ந்தார். இறங்கும்போது, "வாய் மட்டும் இல்லைன்னா ஒன்னய நாயி தூக்கிட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதில் கொஞ்சம் பிரியம் இருந்த மாதிரிகூட இருந்தது.

எப்போதும் அவர் பக்கமே சரி என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் மணப்பெண்ணுக்கு மருதாணி போடப் போன இடத்தில் பேப்பர் கப்பில் டீ கொடுத்திருக்கிறார்கள். சாதி பார்த்தா இதில் கொடுக்கிறீர்கள் என்று இவர் நேராகக் கேட்டுவிட்டார். அந்த வீட்டுப் பெண் அழுதேவிட்டாராம். வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டு இறங்கிய நேரம். மாமனார் முதற்கொண்டு எல்லோரும் பேப்பர் கப்பில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இவர் அந்தத் தெருவுக்குப் போய், வாசலில் நின்று, கேட்டது எவ்வளவு சத்தமோ அதே சத்தத்தில், "அக்கா, நேத்து நான் தப்பாக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று சொன்னார். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் எட்டிப் பார்த்தன. ஆளைக் காயப்படுத்தியது தெருவுக்குக் கேட்டதென்றால் மன்னிப்பும் தெருவுக்குக் கேட்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

பேப்பர் கப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் பரண்மேல் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கும். விசேஷத்துக்கு வாங்கியதில் மிச்சம் என்று பெயர். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர், தென்னை மட்டை வெட்டுபவர் என்று சிலர் வரும்போது மட்டும் அது இறங்கும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வந்தவர் எந்தத் தெரு என்று தெரிந்ததும் கை தானாகப் பரணுக்குப் போகும். கேட்டால் சுத்தம், வசதி, கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்வோம்.

எங்கள் வீட்டில் அந்தக் கை என் நாத்தனாருடையது. கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவனை இழந்து, மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். நான் வேலைக்குப் போக, வீட்டைக் கட்டிக் காத்தவர். என் மகள் கயலைத் தூக்கி வளர்த்தவர். அவர் மகளுக்குத் திருமயத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மணப்பெண் அலங்காரத்துக்கு அந்தப் பார்லர் பெண்ணைச் சொல்லிவிட்டது நான்தான். முதல் நாளே அண்ணி அவரிடம், "புள்ள கொஞ்சம் மாநெறம். நல்லா வெளுப்பாக்கி விட்டுரும்மா" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் மாநிறம் இல்லை. எல்லோரும் கருப்பு. ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லமாட்டோம். மாநிறம் என்போம், களையான முகம் என்போம்.

"வெளுப்பாக்கவா, அழகாக்கவா பெரியக்கா? ரெண்டும் வேற வேற வேலை."

அண்ணி விழித்தார். மணப்பெண் முந்திக்கொண்டு, "அழகாக்குங்க" என்றாள்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் மணப்பெண் அறை நிறையப் பெண்கள். தட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. நடுவில் ஒரே ஒரு பேப்பர் கப். அது கூட்டத்துக்குள் வளைந்து நெளிந்து சரியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கேட்டுவிடாதே, இன்றைக்கு மட்டும் கேட்டுவிடாதே.

"பெரியக்கா, எனக்கு மட்டும் ஏன் பேப்பர் கப்பு?"

"நீ வேலை அவசரத்துல இருக்க. குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டா லேசுல்ல?"

"நேரா சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன். காலனிக்காரிங்கிறதுக்காகவா?"

"சேச்சே! நாங்க அதெல்லாம் பாக்குறதே இல்ல."

"பாக்காமயா இத்தன டம்ளருக்கு நடுவுல ஒரு கப்பு கரெக்டா எங்கிட்ட வந்துச்சு?" கண்மை தீட்டுகிற கை நிற்கவே இல்லை. "இந்தக் கையாலதான் ஒங்க மக மூஞ்சியத் தடவிக்கிட்டிருக்கேன். மூஞ்சிக்கு ஆகுற கை டம்ளருக்கு ஆகாதாக்கா?"

மணப்பெண் குலுங்க ஆரம்பித்தாள். அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு.

"சிரிக்காதம்மா, மை இழுவும்."

"அக்கா, அந்தக் கப்ப எனக்குக் குடுங்க. டம்ளர்ல குடிச்சா லிப்ஸ்டிக் ஒட்டுது." தன் டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு, பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டாள். தாலி ஏறுகிற நேரத்தில் மணப்பெண்ணை யார் என்ன சொல்லமுடியும்? அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை கம்மி" என்றார்.

அன்று மணமேடையில் அவள் கருப்பாகவே இருந்தாள். அவ்வளவு அழகாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருப்பக்கம் அவருக்கு வேலை குறைந்தது. வாய் ஜாஸ்தி என்று அண்ணி நாலு இடத்தில் சொல்லியிருந்தார். மாடிப்படி முகப்பில் கட்டியிருந்த பிளெக்ஸ் போர்டை யாரோ கிழித்தார்கள். அவர் கிழிசலை ஊசி நூலால் தைத்துத் திரும்பக் கட்டினார். "ஏம்மா இப்படி எல்லார்கிட்டயும் வாயக் குடுக்குற, பயமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "பயமாத்தான்க்கா இருக்கு. பேசாம வீட்டுக்குப் போனா அத விடப் பயமா இருக்கு" என்றார். அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே பதில் அது.

இனி கயலின் கதைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். நல்ல குரல். பள்ளி ஆண்டு விழாவில் நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எழுதியது அவள், ஒத்திகை பார்த்தது அவள். வீட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்ததாக" என்று ஆரம்பித்து எங்களை விரட்டுவாள். விழாவுக்கு முன்னால் ஆசிரியை கூப்பிட்டு, நீ எழுதியதை இன்னொரு பெண் படிக்கட்டும், உனக்கு ஹைட் பத்தவில்லை, மைக் எட்டாது என்று சொல்லிவிட்டார்.

விழாவுக்கு நாங்கள் போயிருந்தோம். மேடையில் நின்ற பெண் கயலின் தோள் உயரம். நல்ல சிவப்பு.

வீட்டுக்கு வந்ததும் கயல் கேட்டாள். "நான் கருப்பா இருக்கேன்னுதானம்மா எடுக்கல?"

"சீச்சீ, ஹைட்டுதான்டி" என்றேன். அவள் அப்பாவும் அதையே சொன்னார். அண்ணி, "நீ மாநெறம்டி என் தங்கம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் அவளை நோகவிடக்கூடாது என்றுதான் சொன்னோம்.

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. வகுப்பில் யாரோ சொன்ன ஒரு கிரீமை வாங்கி, எங்களுக்குத் தெரியாமல் பூச ஆரம்பித்திருக்கிறாள். முதலில் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு கன்னமும் நெற்றியும் வெந்த மாதிரி உரிந்தன. புதுக்கோட்டையில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே நிறுத்தச் சொல்லி மருந்து கொடுத்தார். சரியாகிவிடும், நாளாகும் என்றார். முகம் சரியாகிவிடும் என்பதில் எங்களுக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனால் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பீரோக் கண்ணாடியில் போர்வையைப் போட்டு மூடினாள். தட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வாள், பேசமாட்டாள். நான் லீவு போட்டுவிட்டு அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அந்த அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. திருகாணிகளை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கே நான் பார்லர் மாடிப்படி ஏறினேன். "புள்ளைக்கு மூஞ்சில ஏதோ அலர்ஜி..." என்று ஆரம்பித்தேன்.

"என்னா கிரீமு?"

"இல்ல, சாப்பாட்டுலகூட..."

"அக்கா. கலருக்குப் போட்டுச்சா?"

"ஆமா" என்றேன். "கருப்பா இருக்கோம்னு போட்டுட்டா." அந்தச் சொல்லை என் மகளைப் பற்றி அன்றுதான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் என்னை அழவிட்டார். பிறகு, "சாயந்தரம் வாரேன்" என்றார்.

வந்தார். அறைக் கதவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி அடுப்படியில் இருந்தார்.

"பாப்பா, நான் பார்லர் அக்கா. கதவெல்லாம் தொறக்க வேணாம். நேரா ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு. ஒன்னய ஏன் மேடையில ஏத்தல?"

உள்ளேயிருந்து, "ஹைட்டு" என்று வந்தது.

"ஏறுன புள்ள ஒன்னய விட ஹைட்டா?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"நீ என்ன நெனைக்கிற?"

"கருப்பா இருக்கேன்னு."

அப்படியெல்லாம் இல்லடா என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமா பாப்பா. அதுக்குத்தான் ஏத்தல. செஞ்சது அநியாயம். அத மறைக்க ஹைட்டுன்னு பொய்யும் சொல்லியிருக்காங்க."

உள்ளே அழுகைச் சத்தம். பெரிய அழுகை. அதற்கு நடுவே அவள் பேச ஆரம்பித்தாள், வந்த வேகத்தில், மூச்சு விடாமல். "நான்தான் கிறுக்கு மாதிரி நெனச்சுக்கிறேன்னு இருந்தேன்க்கா. அம்மா இல்லங்குது. அப்பா இல்லங்குறாரு. அத்தை இல்லங்குது. எல்லாரும் இல்லன்னா, எனக்குத்தான் மூளை சரியில்லன்னு..."

"மூளை நல்லாத்தான் இருக்கு. கண்ணும் நல்லாத் தெரியிது. தோலுதான் கொஞ்சம் உரிஞ்சு கெடக்கு. டாக்டர் குடுத்தத மட்டும் போடு, வளந்துரும். என் கடைச் சாமானக்கூட மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு போகாத."

"ஒங்களுக்கென்ன, நீங்க செவப்பு!"

"ஆமா, நான் செவப்பு. ஒங்க ஊர்ல எனக்கு ஒரு வீடு வாடகைக்குக் கெடைக்கல. நீ கருப்பு. கதவச் சாத்திக்கிட்டு அழுகுறதுக்கு ஒனக்கு ஒரு ரூம்பே இருக்கு. இப்ப நம்ம ரெண்டு பேருல யாரு அழுகுறது, சொல்லு?"

உள்ளே சத்தம் நின்றது. பிறகு விக்கல் மாதிரி ஒன்று. எனக்குத் தெரியும், அது சிரிப்பு.

"ரெண்டு பேருமே அழுகலாம் பாப்பா. ஆனா ஒரே நேரத்துல வேணாம். ஒருத்தராச்சும் காப்பி குடிக்கணும்ல?"

அந்த நேரம் பார்த்து அண்ணி தட்டோடு வந்தார். தட்டில் எனக்கு டம்ளர், பக்கத்தில் இருந்தவருக்குப் பேப்பர் கப். அவரும் அதைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். அவர் வந்த காரியம் வேறு.

கதவு திறந்தது. கயல் வெளியே வந்தாள். கன்னத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, உதட்டோரம் உரிந்த தோல், அழுது வீங்கிய கண். அண்ணி அந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கயல் தட்டைப் பார்த்தாள்.

"அத்தை, எதுக்குப் பேப்பர் கப்பு?"

"சூடா இருக்குல்ல... கை சுடும்னு..."

"எங்கம்மாவுக்கு மட்டும் சுடாதா? நேரா சொல்லுங்கத்தை. ஹைட்டு மாதிரி சொல்லாதீங்க."

அண்ணி தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். பேப்பர் கப்பிலிருந்து காப்பி சிந்தியது. அவர் யாரையும் பார்க்காமல் திரும்பி அடுப்படிக்குப் போனார். அவர் அங்கே என்ன செய்தார் என்று தெரியாது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. ஒன்று கயலுக்கு.

"சக்கரை பாத்துக்கம்மா" என்றார் அவரிடம். "அன்னைக்குக் கம்மியா இருந்துச்சுன்ன."

கயல் பள்ளிக்குத் திரும்பினாள். திட்டுகள் மறையும் முன்பே போனாள். ஆசிரியையிடம், "மிஸ், நான் கருப்புன்னுதான் எடுக்கலையா?" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை மறுத்தார், கோபப்பட்டார், வீட்டுக்குப் போன் செய்தார். போனை நான்தான் எடுத்தேன். போனை வைத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும், "மிஸ், அந்தப் புள்ள என் மக தோளுக்குத்தான் இருந்துச்சு" என்று சொன்னேன். அடுத்த ஆண்டு விழா மேடையில் கயல்தான் நின்றாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில வாரம் கழித்துக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கக் கூப்பிட்டார்கள். மேடை இல்லை, படிக்கட்டுதான். வாசித்தாள். பரணில் இருந்த பேப்பர் கப்பையெல்லாம் எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, மொட்டை மாடியில் மிளகாய் விதை ஊன்றினாள்.

அதன் பிறகு கொஞ்ச காலம்தான் அவர் அரிமளத்தில் இருந்தார். காரைக்குடியில் பெரிய பார்லர் ஒன்றில் பங்குக்குச் சேர்கிறேன் என்று சொல்ல வந்தார். "வீடும் கெடச்சிருச்சுக்கா. ஓனரம்மா என்ன ஆளுங்கன்னு நேரா கேட்டாங்க. நானும் நேரா சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. சாவியக் குடுத்துட்டாங்க." போகும்போது கயலின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நல்லா கருப்பா ஆயிட்ட" என்றார். என் மகள் அதற்குச் சிரித்தாள். பிறகு அவர் எண் மாறிவிட்டது. நான் பார்க்கவில்லை. அந்த மாடியில் இப்போது டெய்லர் கடை இருக்கிறது.

கயல் இப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இரவு எட்டு மணிக்கு அவள் போன் வரவில்லை என்றால் எனக்கு இன்னமும் அந்தத் திருகாணிகள் ஞாபகம் வரும். அவை கணவரின் மேசை டிராயரில்தான் கிடக்கின்றன. திரும்ப மாட்டச் சொல்லவும் வாய் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

போன விடுமுறைக்கு அவள் ஒரு அறைத்தோழியை அழைத்து வந்தாள். ஒல்லியான பெண், கூச்ச சுபாவம், ஜெகதாப்பட்டினம் பக்கம் ஊர். பையை இறக்கி வைத்து அவள் நிமிர்வதற்குள் அண்ணி கேட்டுவிட்டார்.

"நீங்க என்ன ஆளுங்கம்மா?"

நேராகக் கேட்கச் சொன்னவர் இதையா கேட்கச் சொன்னார்? அந்தப் பெண் கயலைப் பார்த்தாள். கயல் ஏற்கெனவே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கவேண்டும். கூச்சப்பட்ட அந்தப் பெண், குரலைத் தாழ்த்தாமல், "எஸ்ஸிங்க அத்தை" என்றாள். அத்தை என்றாள்.

அண்ணி அடுப்படிப் பக்கம் திரும்பினார். "சரி. காப்பியா, டீயா?" என்றார்.

அவர்கள் மாடிக்குப் போன பிறகு அண்ணி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை.

"என்ன பாக்குற? கேக்குறதுன்னா நேரா கேளு."

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"அந்தப் புள்ள குடிச்ச டம்ளர ரெண்டு தடவ கழுவுவீங்களோன்னு பாத்தேன் அண்ணி."

அண்ணி கையிலிருந்த டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். அது யார் குடித்தது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. மற்றவற்றோடு அதையும் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு தடவ போதும்" என்றார். "சோப்பு என்ன சும்மாவா வருது?"